புத்தகம் திரும்பி வந்துவிட்டது, வாசகரின் பெயர் மட்டும் ஏன் கோஹாவில் தங்குகிறது?

உங்கள் கல்லூரி நூலகத்தில் புத்தகக் கொடுக்கல் வாங்கலுக்குக் கோஹா மென்பொருள் ஓடுகிறதா? ஏதாவது ஒரு இறுதியாண்டு மாணவியின் அட்டை எண்ணைப் போட்டு ஸ்டாஃப் பக்கத்தில் திறந்து, இடப்பக்கம் இருக்கும் 'சர்குலேஷன் ஹிஸ்டரி'யை அழுத்திப் பாருங்கள். முதலாண்டு சேர்ந்த புதிதில் எடுத்த சி புரோகிராமிங் புத்தகத்திலிருந்து போன மாதம் எடுத்த விவாகரத்துச் சட்டப் புத்தகம் வரை, எடுத்த தேதி, திருப்பிய தேதியோடு வரிசையாக வந்து நிற்கும். எல்லாம் எப்போதோ திருப்பிக் கொடுத்தாயிற்று. அபராதமும் கிடையாது, பாக்கியும் கிடையாது. ஆனாலும் பட்டியல் அப்படியே இருக்கிறது, கவுன்ட்டரில் உட்காரும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புத்தகத்தின் பக்கமிருந்து போனாலும் இதே கதைதான். மனச்சோர்வு பற்றிய ஒரு புத்தகத்தைத் திறந்து 'செக்அவுட் ஹிஸ்டரி'யைத் தட்டினால் இதுவரை அதை எடுத்தவர்கள் எல்லாரும் தெரிவார்கள்.

காகித காலத்தில் இப்படி இல்லை. பிரவுன் முறையில் வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: புத்தக அட்டையை வாசகரின் டிக்கெட்டுக்குள் செருகித் தேதிவாரியாகத் தட்டில் அடுக்குவோம், புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குள்ளே போகும், டிக்கெட் வாசகர் கைக்குப் போகும், தேதிச்சீட்டில் வெறும் தேதி மட்டும் மிஞ்சும். யார் எடுத்தார் என்பதற்குத் தடயமே இருக்காது. புத்தகம் வெளியே இருக்கும்வரை பெயர் வேண்டும், உள்ளே வந்த பிறகு எதற்கு? கோஹாவையும் அந்தப் பழைய தட்டு மாதிரி மறக்க வைக்கலாம், அதற்கான வசதி அதிலேயே இருக்கிறது. பெரும்பாலான நூலகங்களில் யாரும் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் ஒரு எண்ணை முடிவு செய்துகொள்ளுங்கள்: திரும்பிய புத்தகத்தின் பதிவில் பெயர் எத்தனை நாள் இருக்கலாம்? "சார், பக்கம் கிழிந்திருந்தால் யாரைக் கேட்பது?" என்று கவுன்ட்டரில் இருப்பவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் பக்கம் கிழிந்திருப்பதை வாங்கும்போதே புரட்டிப் பார்த்தால் தெரியும், இல்லையென்றால் அடுத்து எடுப்பவர் வந்து சொல்வார். அதற்கு 30 நாள் தாராளம். மூன்று வருடம் கழித்து எந்தக் கல்லூரியிலும் யாரையும் கூப்பிட்டுக் கிழிந்த பக்கத்துக்குப் பணம் வாங்கியதில்லை. 30 நாள் என்று வைத்து, நூலகக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாகப் போட்டு முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இந்தக் கையெழுத்து பின்னால் ரொம்ப உதவும், ஏன் என்று கீழே வருகிறது.

சரி, கோஹாவுக்குள் போவோம். வரலாற்றில் இருக்கும் நிஜப் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க ஒரு பொய் உறுப்பினர் வேண்டும். 'அனானிமஸ்' என்று ஒரு புது உறுப்பினரை உருவாக்குங்கள், காலாவதித் தேதியைப் பல வருடம் தள்ளிப் போடுங்கள், லாகின் பாஸ்வேர்டு எதுவும் கொடுக்க வேண்டாம். பிறகு கோஹாவின் அமைப்புகள் இருக்கும் சிஸ்டம் பிரிஃபரன்ஸ் பக்கம் போய்த் தேடல் பெட்டியில் அனானிமஸ்பேட்ரன் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் ஒரு கட்டம் வரும், அதில் இந்த உறுப்பினரின் எண்ணைப் போட வேண்டும். கவனம், இங்கே கேட்பது அட்டை எண் அல்ல, ஒவ்வொரு உறுப்பினருக்கும் கோஹா தானாகக் கொடுக்கும் பாரோயர்நம்பர். அந்த உறுப்பினரின் பக்கத்தைத் திறந்தால் பிரௌசரின் முகவரிப் பட்டையில் கடைசியில் இருக்கும் எண் அதுதான்.

இந்த எண்ணைப் போடாமல் அடுத்த படிக்குப் போனால், வரலாறே வேண்டாம் என்று தேர்ந்தெடுத்த வாசகர் புத்தகத்தைத் திருப்பும்போது கோஹா பிடிவாதம் பிடிக்கும். அனானிமஸ்பேட்ரன் சரியாக இல்லை என்று சிவப்பு எழுத்தில் செய்தி வரும், புத்தகம் வரவில் ஏறாது, கவுன்ட்டரில் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். அதனால் இந்தப் படிகளின் வரிசை மாறக் கூடாது.

அடுத்தது ஓபேக்பிரைவசி. இதை 'அலோ' என்று வைத்தால் வாசகர் ஓபேக்கில், அதாவது அவர் புத்தகம் தேடும் இணையப் பக்கத்தில், தன் கணக்கில் நுழைந்ததும் பிரைவசி என்று ஒரு பக்கம் தெரியும். மூன்று தேர்வுகள் இருக்கும். 'ஃபாரெவர்' என்றால் என் வரலாற்றை எப்போதும் வை, 'டீஃபால்ட்' என்றால் நூலகத்தின் விதிப்படி வை, 'நெவர்' என்றால் திருப்பிய உடனே அழி. ஆராய்ச்சி மாணவர்களில் சிலர் தாங்கள் படித்த பட்டியலை விரும்பி வைத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு ஃபாரெவர் ஒரு வரம். அது அவர்கள் இஷ்டம். நம் வேலை, மற்றவர்களை டீஃபால்ட்டில் வைத்து 30 நாளில் அழிப்பது. புது உறுப்பினர்களுக்கு எது தானாக வர வேண்டும் என்பதை பேட்ரன் கேட்டகரியில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக வைக்கலாம்.

வைத்தால் மட்டும் எதுவும் தானாக அழியாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. டீஃபால்ட்டில் இருப்பவர்களின் பழைய வரலாற்றை அழிக்க யாராவது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அல்லது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் சர்வரின் கிரானில் ஒரு வரி போட வேண்டும். பொத்தான் வழி சுலபம்: டூல்ஸ் போய், பேட்ரன்களை (உறுப்பினர்களை) மொத்தமாக நீக்குவதற்கும் அனானிமைஸ் செய்வதற்குமான (பெயரை எடுப்பதற்குமான) பக்கத்தில், எந்தத் தேதிக்கு முன்னால் திரும்பியவை என்று தேதி கொடுத்தால் போதும். சர்வர் பார்த்துக்கொள்பவர் இருந்தால் கோஹாவோடு வரும் பேட்ச் அனானிமைஸ் ஸ்கிரிப்ட்டைத் தினமும் ராத்திரி 30 நாள் கணக்கில் ஓடவிடச் சொல்லுங்கள். ஃபாரெவர் தேர்ந்தெடுத்தவர்களை அது தொடாது.

முதல் தடவை ஓட்டும் முன் பேக்கப் எடுங்கள், ஏனென்றால் அழித்ததைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. ஆனால் அந்த பேக்கப்பில் எல்லார் பெயரும் இருக்கிறதே! அதைப் பென் டிரைவில் போட்டு மேசை டிராயரில் வைத்தாலோ, யாருடைய சொந்த கூகுள் டிரைவிலோ ஏற்றினாலோ செய்த வேலையெல்லாம் வீண். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அதை அழியுங்கள், எந்தத் தேதியில் அழிப்பது என்று முன்கூட்டியே காலண்டரில் குறித்து வையுங்கள். கோஹா தினமும் எடுக்கும் பேக்கப் வேறு எங்கெங்கோ நகலாகிறதா என்பதையும் சர்வர்காரரிடம் கேளுங்கள், பெரும்பாலும் நகலாகிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு இடம் இருக்கிறது, இதுதான் சூட்சுமமானது. இரவல் வரலாற்றை அழித்தாலும், நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் கோஹாவின் லாக்கில் இன்னாருக்கு இந்தப் புத்தகம் கொடுக்கப்பட்டது என்ற வரி தனியாக உட்கார்ந்திருக்கும். இஷ்யூ லாக், ரிட்டர்ன் லாக் என்று இரண்டு பிரிஃபரன்ஸ்கள், இரண்டும் ஆன் ஆகியிருந்தால் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அங்கே பதிவாகும், இரண்டையும் அணைத்துவிடுங்கள். புள்ளிவிவர அட்டவணையிலும் உறுப்பினர் எண் இருக்கும். அபராதம் கட்டியிருந்தால் கணக்குப் பகுதியில் எந்தப் புத்தகத்துக்கு என்பதோடு நிற்கும். முன்பதிவு செய்த புத்தகங்களின் பழைய பட்டியல் தனி, ஓபேக் தேடல் வரலாறு தனி. இவற்றைக் குறிப்பிட்ட நாளுக்கு மேல் துடைக்கக் கிளீன்அப் டேட்டாபேஸ் என்று ஒரு ஸ்கிரிப்ட் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாக நாள் கணக்குக் கொடுக்கலாம். அபராதக் கணக்கை மட்டும் ஆடிட் முடியும்வரை விட்டுவையுங்கள், பணச் சமாச்சாரம். டிராக்கிளிக்ஸ் என்ற பிரிஃபரன்ஸ் ஆன் ஆகியிருந்தால், ஓபேக்கில் எந்த வெளி இணைப்பை யார் தொட்டார்கள் என்பதுகூட ஏறிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிடலாம்.

இன்ட்ராநெட்ரீடிங்ஹிஸ்டரி என்ற பிரிஃபரன்ஸை அணைத்தால் ஸ்டாஃப் பக்கத்தில் வரலாறு தெரியாது, எல்லாம் முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது திரையில் காட்டாமல் மறைக்கும், அவ்வளவே. டேட்டாபேஸில் அப்படியேதான் இருக்கும், எஸ்க்யூஎல் ரிப்போர்ட் எழுதத் தெரிந்தவர் எடுத்துவிடலாம். அழித்தும் வையுங்கள், மறைத்தும் வையுங்கள்.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டால் நாக் வரும்போது என்ன காட்டுவது?" இந்தக் கேள்வி எந்தக் கூட்டத்திலும் வரும். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு கேட்பது ஒரு நாளைக்கு எத்தனை பேர் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை. அனானிமைஸ் செய்தாலும் கொடுத்த புத்தகத்தின் வரி அழிவதில்லை, பெயர்தான் மாறுகிறது, ஆகவே மொத்தக் கணக்கு குறையாது. துறைவாரிக் கணக்கு மட்டும் போய்விடும். மாதக் கடைசியில் துறைவாரியாக ஒரு ரிப்போர்ட் ஓட்டி எண்களை மட்டும் எக்செலில் சேர்த்துவிட்டு அப்புறம் அழித்தால் வேலை முடிந்தது. நூலக வார விழாவில் சிறந்த வாசகர் பரிசு கொடுப்பதற்கும் எண்ணிக்கை போதும். பரிசு வாங்குபவரின் பெயரை அவரிடம் கேட்டுவிட்டுப் பலகையில் போடுங்கள், அவர் என்னென்ன படித்தார் என்ற பட்டியலை மேடையில் வாசிக்க வேண்டாம்.

மென்பொருளைச் சரிசெய்வது சுலபமான பாதி. கஷ்டமான பாதி கவுன்ட்டரில் நடக்கிறது. துறைத்தலைவர் வந்து நின்று, "அந்தப் பையன் கிளாசுக்கே வர்றதில்ல, இங்க என்னதான் எடுத்துட்டுப் போறான், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மேடம்" என்பார். கெட்ட எண்ணமே இருக்காது, அக்கறைதான். ஆனால் அந்தப் பையன் வங்கித் தேர்வுப் புத்தகமோ, வேறு மதத்தின் நூலோ, சாதி மறுப்புத் திருமணச் சட்டமோ எடுத்திருக்கலாம், ஸ்டாஃப் ரூமில் அது பேச்சாகிவிடும். "சார், யார் எதை எடுத்தாங்கன்னு சொல்றது இல்லன்னு கமிட்டியில முடிவு பண்ணியிருக்கோம், பிரின்சிபல் கையெழுத்து இருக்கு. உங்க டிபார்ட்மென்ட்ல எத்தனை பேர் எடுக்கறாங்கன்னு வேணா இப்பவே பிரின்ட் எடுத்துத் தர்றேன்." இதைத்தான் சொல்ல வேண்டும், சிரித்த முகத்தோடு. மேலே வாங்கச் சொன்ன கையெழுத்து இதற்குத்தான்: உதவியாளர் ஒரு பேராசிரியரிடம் தன் சொந்த வாயால் முடியாது என்று சொல்வது நம் ஊரில் நடக்கிற காரியமா? விதி என்று சொன்னால் அவருக்கும் சங்கடமில்லை, கேட்டவருக்கும் கோபம் வராது. போனில் கேட்கும் அப்பா அம்மாவுக்கும் இதே பதில்தான்.

லாகினையும் பாருங்கள். பல நூலகங்களில் கவுன்ட்டர் கணினியில் எல்லா அனுமதியும் உள்ள சூப்பர்லைப்ரேரியன் கணக்கு ஒன்றே ஒன்று, நூலகர், உதவியாளர், பகுதிநேரமாக வரும் மாணவர் எல்லாரும் அதில்தான், பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஆளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள், கவுன்ட்டருக்கு சர்குலேஷன் அனுமதி போதும், ரிப்போர்ட்டும் டூல்ஸும் வேண்டாம். வாசகர் பக்கம் இதைவிட மோசம்: எக்செலில் இருந்து மொத்தமாக ஏற்றும்போது யூசர் நேமும் ரோல் நம்பர், பாஸ்வேர்டும் அதே ரோல் நம்பர் என்று வைத்துவிடுகிறோம். வகுப்பில் யாருடைய ரோல் நம்பர் யாருக்குத் தெரியாது? பக்கத்து பெஞ்சுக்காரன் ஓபேக்கில் நுழைந்து இவன் என்ன படிக்கிறான் என்று பார்த்துவிடலாம். பாஸ்வேர்டைக் கொடுக்காமல் ஏற்றிவிட்டு, 'பாஸ்வேர்டு மறந்துவிட்டேன்' வழியாக மின்னஞ்சலில் அவர்களே போட்டுக்கொள்ளும்படி வையுங்கள்.

அந்த எக்செலையும் ஒருமுறை பாருங்கள். அட்மிஷன் பிரிவிலிருந்து வரும் கோப்பில் சாதிச் சான்றிதழ் விவரம், பெற்றோர் வருமானம், ஆதார் எண் எல்லாம் இருக்கும். புத்தகம் கொடுக்க இதில் எது வேண்டும்? பெயர், துறை, ஆண்டு, ஒரு மின்னஞ்சல், ஒரு செல் நம்பர். மற்ற நெடுவரிசைகளை ஏற்றுவதற்கு முன்பே நீக்குங்கள். பொது நூலகமாக இருந்து முகவரிச் சான்று வேண்டுமென்றால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நகல் வைத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும்.

செல் நம்பரில் ஒரு சிக்கல். அட்மிஷன் கோப்பில் இருப்பது பல சமயம் அப்பாவின் நம்பர். தவணை கடந்தது என்று புத்தகத் தலைப்போடு எஸ்எம்எஸ் போனால் அது மாணவிக்குப் போகாது, வீட்டுக்கூடத்துக்குப் போகும். நோட்டீசஸ் அண்ட் ஸ்லிப்ஸ் பகுதியில் எஸ்எம்எஸ் வார்ப்பில் இருக்கும் தலைப்புப் புலத்தை எடுத்துவிட்டு 'நீங்கள் எடுத்த ஒரு புத்தகத்தின் தவணை முடிந்துவிட்டது' என்று மட்டும் போடுங்கள். அவர்களின் சொந்த மின்னஞ்சலுக்குப் போவதில் தலைப்பு இருக்கலாம். முன்பதிவுப் புத்தகங்களில் செருகும் சீட்டிலும் முழுப் பெயர் அச்சாகும், அந்த வார்ப்பில் அட்டை எண்ணின் கடைசி நாலு எண் மட்டும் வரும்படி மாற்றச் சொல்லலாம். அப்புறம் அந்த டிஃபால்ட்டர் லிஸ்ட்! பெயர், வகுப்பு, புத்தகத் தலைப்பு, அபராதத் தொகை என்று நான்கு பத்தியாக நோட்டீஸ் போர்டில் ஒட்டி, அதையே போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸப் குழுவிலும் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்தலாம். இதனால் புத்தகம் சீக்கிரம் திரும்பும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, அவமானப்பட்டவர் நூலகத்துக்கு வருவதைத்தான் நிறுத்துவார்.

நுழைவாயில் பதிவேட்டில் பெயர், துறை, நேரம், கையெழுத்து இருக்கட்டும். செல் நம்பர் பத்தி இருந்தால் அடுத்து எழுதுபவர் மேலே இருக்கும் நம்பர்களையெல்லாம் பார்ப்பார், பெண்களுக்கு இதனால் வரும் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. வாசகர் கணினிகளில் ஃபயர்ஃபாக்ஸ் வரலாற்றை நினைவில் வைக்காதபடி அமைத்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

போலீஸ் வந்தால்? அரிதுதான், ஆனால் யார் என்ன செய்வது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் நூலகப் பதிவுகளைக் காக்கத் தனிச் சட்டமே உண்டு, இங்கே அப்படி இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்புதான் நமக்குப் பிடிமானம். ஆவணத்தைக் கொடு என்று கேட்க, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் பிரிவு 94 இருக்கிறது, பழைய சிஆர்பிசி 91 தான் அது. அதன்படி நீதிமன்றம் சம்மன் அனுப்பலாம், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துப்பூர்வ உத்தரவு கொடுக்கலாம். எழுத்தில் என்பதுதான் முக்கியம். கவுன்ட்டரில் இருப்பவர் சொல்ல வேண்டியது: "உக்காருங்க சார், லைப்ரேரியனைக் கூப்பிடறேன்." நூலகர் உத்தரவை வாங்கி முதல்வருக்கு அனுப்பி, அதில் கேட்டதை மட்டும், கேட்ட தேதிகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். உத்தரவு கையில் வந்த பிறகு எதையும் அழிக்கக் கூடாது, அது குற்றமாகிவிடும். வழக்கமான 30 நாள் விதிப்படி முன்பே அழிந்துபோனதைப் பற்றி அந்தக் கவலை இல்லை. 2001இல் அமெரிக்காவில் பயங்கரவாதத்துக்கு எதிராக பேட்ரியட் சட்டம் வந்த பிறகு, 2003இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் நூலகங்கள் செய்ததும் இதுதான்: உங்கள் பதிவுகளை அரசு கேட்கக்கூடும் என்று வாசகர்களுக்குப் பலகை வைத்தார்கள், வேலை முடிந்த காகிதங்களைத் தினமும் கிழித்தார்கள். இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நிர்வாகத்திடம் சொல்லி வையுங்கள். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. எதற்காக வாங்கினோமோ அந்த வேலை முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. 18 வயது முடியாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், முதலாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர்கள் நிறைய உண்டு. அறிவிப்பைத் தமிழில் கேட்டால் தமிழில் கொடுக்க வேண்டும். கணினியில் ஏறாத காகிதப் பதிவேடு இந்தச் சட்டத்துக்குள் வராது, ஆனால் அதற்காக அதை அலட்சியமாக விடலாம் என்று அர்த்தமில்லை. பழைய இரவல் லெட்ஜர்களும் கேட் ரிஜிஸ்டர்களும் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போய், வாசலில் சுண்டல் பொட்டலமாகத் திரும்பி வரும் ஊர் இது. ஆடிட் முடிந்ததும் ஷ்ரெட்டரில் விடுங்கள், ஷ்ரெட்டர் இல்லையென்றால் பரீட்சைப் பிரிவில் கட்டாயம் ஒன்று இருக்கும், கேட்டால் தருவார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒருமுறை சோதியுங்கள். ஒரு டெஸ்ட் உறுப்பினரை உருவாக்கி, பிரைவசியை நெவர் என்று வைத்து, ஒரு புத்தகம் கொடுத்து உடனே திருப்பி வாங்குங்கள். அந்தப் புத்தகத்தின் செக்அவுட் ஹிஸ்டரியில் அவர் பெயருக்குப் பதில் அனானிமஸ் வந்தால் முதல் கட்டம் சரி. பிறகு லாக் வியூவரில் அவருடைய எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அங்கே இன்னும் வரி இருந்தால் இஷ்யூ லாக்கையோ ரிட்டர்ன் லாக்கையோ அணைக்கவில்லை, சர்வர்காரருக்கு இன்னொரு போன் போட வேண்டியிருக்கும்.